எகிப்தின் ஆசாரியரும் நம்முடைய பொய்ச்சாட்சியும்

தியானப் பகுதி: யாத்திராகமம் 20:16, ஏசாயா 8:11-13, 1 தீமோத்தேயு 1:3-4



இந்த வாரத் தியானத்தை ஒரு பாவ அறிக்கையோடு தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நம்முடைய உபவாச ஜெபக் கூடுகை ஒன்றில் எகிப்தின் பத்து வாதைகளைக் குறித்துப் பிரசங்கித்தேன். பண்டைய எகிப்தின் ஆசாரியர் மனித இரத்தத்தைக் குடித்து வாழ்ந்த இரகசிய வம்சத்தார் என்றும், அந்த இரத்தக்காட்டேரி வம்சம் இன்றும் அழியாமல் உலகின் செல்வந்தருக்குள்ளும் ஆளுகிறவர்களுக்குள்ளும் மறைந்து வாழ்கிறது என்றும் அன்று சொன்னேன். யாரோ கையில் கொடுத்த துண்டுப்பிரசுரம் ஒன்றுதான் எனக்கு ஆதாரம். சபை மூச்சடங்கிக் கேட்டது. அந்த மௌனத்தை ஆவியானவரின் அசைவாடுதல் என்று எண்ணிக்கொண்டேன்.

கூடுகை முடிந்ததும், சரித்திர ஆசிரியையாயிருந்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் என்னருகே வந்தார். “ஐயா, அவர்கள் இரத்தம் குடித்ததாக எந்தச் சுவரில் எழுதியிருக்கிறது? எந்த ஏட்டில் இருக்கிறது?” என்று தாழ்மையாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. “பார்த்துச் சொல்கிறேன், அம்மா” என்றேன். பார்க்கவுமில்லை, சொல்லவுமில்லை.

சென்ற மாதம் வாலிபர் கூட்டத்தின் முடிவில் ஒரு தம்பி தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். அதே கதை, பின்னணி இசையும் படங்களும் சேர்ந்து இன்னும் பயங்கரமாயிருந்தது. கடைசி நிமிடங்களில் அந்த வம்சத்தின் இன்றைய வாரிசுகள் யார் என்று சொல்லப்பட்டது: யூதர்கள். நான் திடுக்கிட்டு, “தம்பி, இதை நம்புகிறாயா?” என்றேன். “ஐயா, நான் சிறுவனாயிருந்தபோது நீங்களே பிரசங்கத்தில் சொன்னீர்களே. அப்படிப்பட்டவர்கள் அழிந்தால்தான் என்ன?” என்றான்.

அன்பானவர்களே, அந்த விதையை விதைத்தவன் நான். ஆகவே அதைப் பிடுங்கும் வேலையும் என்னுடையது.

எழுதப்பட்டிருப்பது என்ன?

அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கு இப்போதாவது பதில் தேடினேன். எகிப்தியரைப்போல் எழுதிவைத்த ஜனம் பழைய உலகில் அரிது. அவர்களுடைய ஆசாரியரைப்பற்றி நாம் கற்பனை செய்யவேண்டிய அவசியமே இல்லை.

கீழ்நிலை ஆசாரியனுக்கு அவர்கள் வைத்த பெயரே “தூய்மையானவன்” என்று பொருள்படும். ஆசாரியர் தங்கள் உடல் முழுவதையும் சிரைத்துக்கொண்டார்கள் என்றும், பகலில் இருமுறையும் இரவில் இருமுறையும் குளிர்ந்த நீரில் குளித்தார்கள் என்றும், சணல் ஆடையையே உடுத்தினார்கள் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் ஆண்டு முழுவதும் கோவிலில் வசித்தவர்களும் அல்லர். நான்கு பிரிவுகளாகப் பிரிந்து, முறைவைத்து, ஒவ்வொரு பிரிவும் ஒரு மாதம் பணிசெய்தது. கி.மு. 238இல் ஐந்தாம் பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. முறை முடிந்ததும் தங்கள் வீட்டுக்கும் மனைவி பிள்ளைகளிடத்துக்கும் சொந்தத் தொழிலுக்கும் திரும்பினார்கள்.

அவர்கள் என்ன உண்டார்கள் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. விக்கிரகத்தின் முன் வைக்கப்பட்ட படையல் பின்னர் எடுக்கப்பட்டு, ஆசாரியருக்குள் பதவிக்கேற்பப் பங்கிடப்பட்டது: அப்பம், பார்லி மது, மாட்டிறைச்சி, வாத்து. அசியூத் என்னும் ஊரில் ஹப்ஜெஃபா என்ற ஆளுநர் தன் கல்லறைச் சுவரில் பத்து ஒப்பந்தங்களைப் பொறித்திருக்கிறார். தன் மரணத்திற்குப்பின் எந்த ஆசாரியர் எதைச் செய்யவேண்டும், அதற்குப் பெறுவது என்ன என்று அப்பக் கணக்கும் மதுச்சாடிக் கணக்குமாக அவை நீளுகின்றன. இரத்தக் கிண்ணம் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

2010இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரோசலி டேவிட் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் “லான்செட்” மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கோவில் கல்வெட்டுகளில் உள்ள படையல் பட்டியலையும், ஆசாரியரின் பதனிடப்பட்ட உடல்களையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். அந்த உடல்களின் இரத்தக் குழாய்களில் கொழுப்பு படிந்து தடித்த அடையாளங்களைக் கண்டார்கள். கொழுத்த படையலை நாள்தோறும் உண்டதே காரணம் என்பது அவர்கள் கருத்து. கதையில் சாவில்லாத காட்டேரிகளாய் வருகிறவர்கள், உண்மையில் விருந்துண்டு நோயுற்ற மனிதராயிருந்தார்கள்.

சரி, இரத்தம் எங்கேயும் வரவில்லையா? வருகிறது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சக்காராவின் பழைய கல்லறைச் சுவர்களில் மாடு அறுக்கும் காட்சி ஒன்று உண்டு. அறுப்பவன் இரத்தம் தோய்ந்த தன் கையை நீட்ட, ஆசாரியன் அதை முகர்ந்து, பலி தூய்மையானது என்று தீர்ப்புச் சொல்கிறான். அது இறைச்சியைச் சோதிக்கும் முறை. மன்னன் ஊனாஸின் பிரமிட்டில், இறந்த அரசன் தேவர்களையே உண்டு அவர்கள் வல்லமையைத் தனதாக்கிக்கொள்வதாக ஒரு மந்திரம் கி.மு. 24ஆம் நூற்றாண்டளவில் பொறிக்கப்பட்டது. அது மறுமையில் அரசன் செய்வதாகச் சொல்லப்பட்டதேயன்றி, ஆசாரியர் செய்ததன்று. அதற்குப்பின் தேத்தி என்ற மன்னனின் பிரமிட்டில் வருகிறது. பிற்கால மன்னர்களின் பிரமிடுகளில் அது இல்லை. சேக்மெத் என்னும் சிங்கமுகத் தேவதை மனிதரின் இரத்தவெறி கொண்டு அலைந்ததாகவும் ஒரு புராணம் உண்டு. அந்தப் புராணத்தின் முடிவு என்ன? செந்நிறமாக்கப்பட்ட மதுவை இரத்தமென்று எண்ணிக் குடித்து அவள் மயங்க, மனிதகுலம் தப்புகிறது. எகிப்தியருக்கே இரத்தம் குடிப்பது தடுக்கப்படவேண்டிய பயங்கரமாயிருந்தது.

காட்டேரி எங்கிருந்து வந்தது?

கல்லறையிலிருந்து எழுந்து இரத்தம் உறிஞ்சும் இந்த உருவம் நைல் நதிக்கரையில் பிறந்ததன்று. 1725இலும் 1730களின் தொடக்கத்திலும் செர்பியாவின் கிராமங்களிலிருந்து வந்த அறிக்கைகளால் அது ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. 1819இல் போலிதோரி என்னும் மருத்துவர் அதைப் பிரபுவாக்கிக் கதை எழுதினார். 1897இல் பிராம் ஸ்டோக்கர் “டிராகுலா”வை எழுதினார். அந்தக் கூட்டத்தின் ஆதித்தாயைப் பண்டைய எகிப்தின் அரசியாக்கி உலகமெங்கும் பரப்பியது 1988இல் ஆன் ரைஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் நாவல். நாவலை நாவலென்று வாசிப்பவரோடு எனக்கு வழக்கில்லை. அதைச் சரித்திரமென்று பிரசங்கபீடத்தில் வைத்தவனோடுதான் வழக்கு, அவன் நானே.

“எல்லாம் இரகசியம், ஆகவே ஆதாரம் கிடைக்காது” என்று சொல்லுவார்கள். இந்த “இரகசியம்” எப்படி உண்டாயிற்று என்று பாருங்கள். பிலே தீவின் கோவிலில் கி.பி. 394இல் கடைசிச் சித்திர எழுத்து பொறிக்கப்பட்டது. அதன்பின் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் இல்லாமற்போயினர். 1822இல் ஷாம்போலியோன் அதன் திறவுகோலைக் கண்டுபிடிக்கும்வரை, 1,400 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சுவர்கள் ஊமையாய் நின்றன. ஊமையின் வாயில் யாரும் எந்தச் சொல்லையும் வைக்கலாமல்லவா? 17ஆம் நூற்றாண்டில் கிர்ச்சர் என்னும் மாபெரும் கல்விமான், ஓர் அரசனின் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருந்த இடத்தில் தெய்வ இரகசியங்களைப்பற்றிய நீண்ட வாக்கியத்தை வாசித்தார். அவருக்கு எழுத்து தெரியவில்லை என்ற சாக்கு உண்டு. இன்று அந்த எழுத்துகள் வாசிக்கப்பட்டுவிட்டன. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

வேதம் அந்த வம்சத்தைப்பற்றி என்ன சொல்கிறது?

சரித்திரத்தை விடுங்கள் என்பீர்களானால், வேதத்தைத் திறப்போம். ஆதியாகமம் 41:45ஐ வாசியுங்கள். யோசேப்பின் மனைவி யார்? ஓன் பட்டணத்து ஆசாரியனான போத்திபிராவின் குமாரத்தி ஆஸ்நாத். அவள் பெற்ற பிள்ளைகள் மனாசேயும் எப்பிராயீமும். மரணப்படுக்கையில் யாக்கோபு அந்தப் பிள்ளைகளை அணைத்து, முத்தமிட்டு, தன் சொந்தப் புத்திரராக ஏற்று ஆசீர்வதித்தான். அவர்கள் இஸ்ரவேலின் இரண்டு கோத்திரங்களானார்கள். இஸ்ரவேலைக் கானானுக்குள் நடத்திச்சென்ற யோசுவா எப்பிராயீம் கோத்திரத்தான் என்று எண்ணாகமம் 13:8 சொல்லுகிறது.

இப்போது அந்தத் துண்டுப்பிரசுரத்தை வேதத்தின் அருகில் வைத்துப் பாருங்கள். எகிப்திய ஆசாரியரின் இரத்தத்தில் தீராத சாபமும் காட்டேரித் தன்மையும் ஓடுமானால், அது யோசுவாவின் உடலிலும் ஓடியிருக்கவேண்டும். தேவன் அந்த இரத்தத்தை அப்படிப் பார்க்கவில்லை. நான் அன்று எப்படிப் பார்த்தேன்?

“அப்படியானால் எகிப்தின் தேவர்களுக்கும் ஆசாரியருக்கும் வக்காலத்து வாங்குகிறீரோ?” என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. எகிப்தின் தேவர்கள்மேல் கர்த்தர் நியாயத்தீர்ப்புச் செய்தார் என்பது யாத்திராகமம் 12:12இன் சத்தியம்; அதில் ஓர் எழுத்தையும் நான் குறைக்கவில்லை. ஆனால் எகிப்தின்மேல் வேதம் சாட்டுகிற குற்றம் எது? நிலவறையில் நடந்த இரகசியமா? யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தை வாசியுங்கள். சுமை சுமத்தியது, செங்கல் அறுக்கவைத்தது, ஆண்பிள்ளைகளை நதியில் போடச் சொன்னது, இவையெல்லாம் பட்டப்பகலில், அரச கட்டளையாய், எல்லாரும் அறிய நடந்தன.

ஆசாரியரின் உண்மையான பாவமும் அப்படியே வெளியரங்கமானது. பஞ்சகாலத்தில் ஜனங்கள் தங்கள் நிலத்தையும் தங்களையும் விற்றபோது, ஆசாரியரின் நிலம்மாத்திரம் விற்கப்படவில்லை என்று ஆதியாகமம் 47 குறிக்கிறது. மூன்றாம் ராமேசஸ் தேவர்களுக்கு அளித்த கொடைகளைப் பட்டியலிடும் 40 மீட்டருக்கும் நீண்ட ஏட்டுச்சுருள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தீப்ஸின் கோவில்களுக்கு உரியவர்களாக மட்டும் அதில் 86,000க்கும் மேற்பட்ட ஆட்கள் கணக்கிடப்பட்டிருக்கிறார்கள். கால்நடையை எண்ணுவதுபோல் மனிதரும் எண்ணப்பட்டார்கள். எலிபன்டைன் தீவின் க்னூம் கோவிலைப்பற்றிய ஒரு குற்றப்பத்திரிகை தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோவிலுக்குரிய கன்றுகளை விற்ற ஆசாரியனையும், கோவிலுக்கு வரவேண்டிய தானியத்தில் 5,000 மூட்டைகளுக்கு மேல் பல ஆண்டுகளாகக் கையாடிய படகுத் தலைவனையும் அது பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டுகிறது.

அன்பானவர்களே, பேராசையும், காணிக்கைத் திருட்டும், மனிதரைச் சொத்தாக எண்ணுவதும் நமக்குக் கிளர்ச்சியூட்டுவதில்லை. ஏனென்றால் அவை நமக்கும் கூடுமான பாவங்கள். அவற்றைப் பிரசங்கித்தால் பிரசங்கியின் கணக்குப் புத்தகத்தையும் சபை கேட்கும். காட்டேரியைப் பிரசங்கிப்பது எளிது. காட்டேரியைப்பற்றிக் கேட்கும் எவனும் தான் மனந்திரும்பவேண்டும் என்று நினைப்பதில்லை.

இந்தப் பொய் முதலில் யார்மேல் சொல்லப்பட்டது?

“இரகசியமாய்க் கூடுகிறார்கள், மனித இரத்தம் குடிக்கிறார்கள்” என்ற குற்றச்சாட்டு புதியதன்று. முதல் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பேர்பெற்ற அப்பியோன் என்பவன், யூதர் ஒரு கிரேக்கனைப் பிடித்துக் கொழுக்கவைத்துத் தங்கள் ஆலயத்தில் கொன்று புசிப்பதாகக் கதை பரப்பினான். யோசேப்பஸ் அதை மறுத்து ஒரு நூலே எழுதவேண்டியதாயிற்று.

அடுத்த நூற்றாண்டில் அது நம்முடைய பிதாக்கள்மேல் வந்தது. திருவிருந்தைக் கேள்விப்பட்ட புறஜாதியார், கிறிஸ்தவர் பிள்ளைகளைக் கொன்று இரத்தம் குடிக்கிறார்கள் என்றார்கள். கி.பி. 177இல் லியோன் நகரில் இந்தப் பழியினிமித்தம் விசுவாசிகள் வதைக்கப்பட்டார்கள். அவர்களில் பிப்லிஸ் என்னும் ஸ்திரீ முன்பு பயத்தினால் கர்த்தரை மறுதலித்தவள். சபையைக் காட்டிக்கொடுக்கும்படி அவளை மறுபடியும் வாதித்தபோது, உறக்கத்திலிருந்து விழித்தவளைப்போல் உணர்வடைந்தாள். மிருகத்தின் இரத்தத்தையும் புசிக்கக்கூடாதவர்கள் பிள்ளைகளை எப்படிப் புசிப்பார்கள் என்று கேட்டாள். தானும் கிறிஸ்தவள் என்று அறிக்கையிட்டு இரத்தசாட்சிகளோடு சேர்ந்தாள். ஒரே ஒரு பெண்ணின் நியாயமான கேள்வி, அந்தப் பொய்யின் முன் நின்றது.

இதன்பின் நடந்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. நம்முடைய பிதாக்களைக் கொன்ற அதே பொய்யை நம்முடைய பிதாக்களின் பிள்ளைகள் கையில் எடுத்தார்கள். 1144இல் இங்கிலாந்தின் நார்விச்சில் ஒரு சிறுவன் மரித்தபோது யூதர்மேல் பழி சுமத்தப்பட்டது. 1475இல் இத்தாலியின் திரெந்தோவில் சீமோன் என்னும் குழந்தை மரித்தபோது, வாதையினால் வாக்குமூலம் வாங்கி, அவ்வூர் யூதரைக் கொன்றார்கள். அந்தக் குழந்தையை இரத்தசாட்சியாக வணங்கும் வழிபாட்டை உரோமத் திருச்சபை 1965இல்தான் நீக்கிற்று. 1903இல் ருஷியாவில் வெளிவந்த “சீயோன் மூப்பரின் நெறிமுறைகள்” என்னும் புரட்டு, வேறொருவருடைய நூலிலிருந்து திருடித் திரிக்கப்பட்டதென்று 1921இல் லண்டன் “டைம்ஸ்” நாளிதழ் எடுத்துக்காட்டியது. அதன்பின்னும் அது நிற்கவில்லை; வாயுக்கூடங்கள் வரை சென்றது.

அந்தத் தம்பியின் கைப்பேசியில் நான் கண்டது இதே பழைய பொய்தான். எகிப்திய ஆடை உடுத்தி வந்திருந்தது. வம்சத்தின் தொடக்கத்தை எந்தக் கோவிலில் வைத்தாலும், அதன் முடிவை இவர்கள் ஒரே வாசற்படியில்தான் கொண்டுபோய் வைக்கிறார்கள். நம்முடைய கர்த்தர் மாம்சத்தின்படி பிறந்த ஜனத்தின் வாசற்படி அது.

வெளியரங்கமாக்க வேண்டாமா?

எபேசியர் 5:11ஐ எடுத்து, “அந்தகாரக் கிரியைகளைக் கடிந்துகொள்ள வேண்டாமா?” என்று சிலர் கேட்பார்கள். கடிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஒருவன்மேலும் காரியம் நிலைப்படக்கூடாது என்று உபாகமம் 19:15 கற்பிக்கிறதே, அந்தப் பிரமாணம் இறந்துபோன எகிப்தியருக்குச் செல்லாதா? முடிவில்லாத வம்சவரலாறுகளையும் கட்டுக்கதைகளையும் கவனியாதிருக்கப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது யாருக்காக? ஜனங்கள் சதியென்று அஞ்சுகிறதற்கெல்லாம் நீயும் அஞ்சாதே, கர்த்தருக்கே அஞ்சு என்று ஏசாயாவுக்கு உரைக்கப்பட்டது யாருக்காக?

எட்ஃபூ என்னும் ஊரில் ஒரு விக்கிரகக் கோவில் நிற்கிறது. உள்ளே நுழையும் ஆசாரியர் பொய்பேசலாகாது, கைக்கூலி வாங்கலாகாது என்னும் எச்சரிப்புகள் அதன் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மெய்தேவனை அறியாதவர்கள் தங்கள் வாசலில் அதை எழுதிவைத்தார்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்று கர்த்தருடைய விரலால் எழுதப்பட்ட கற்பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களைப்பற்றியே நான் பொய் சொன்னேன்.

எகிப்தின் வம்சம் என்னவாயிற்று என்று அறிய விரும்புகிறீர்களா? அதற்கு இரகசியக் காணொளி வேண்டாம். பார்வோன்களின் மொழி கடைசியில் கிரேக்க எழுத்துகளில் எழுதப்பட்டுக் கோப்து மொழியாயிற்று. கோப்துத் திருச்சபை இன்றும் அந்த மொழியில் கர்த்தரை ஆராதிக்கிறது. கி.பி. 284இலிருந்து எண்ணப்படும் அதன் ஆண்டுக்கணக்குக்கு “இரத்தசாட்சிகளின் சகாப்தம்” என்று பெயர். 2015 பிப்ரவரியில் லிபியாவின் கடற்கரையில் கொல்லப்பட்ட 21 பேரில் 20 பேர் எகிப்தின் எளிய கோப்துத் தொழிலாளர். ஒருவர் கானா தேசத்தவர். கர்த்தர் எகிப்தைத் தம்முடைய ஜனமென்று அழைக்கும் நாள் வரும் என்று ஏசாயா 19:25 சொல்லுகிறது. அந்தத் தேசத்தாரின் இரத்தத்தைக் காட்டேரியின் இரத்தம் என்றேன். அதைச் சிந்தியவர்களை நினைக்கும்போது என் நாவு ஒட்டிக்கொள்கிறது.

சகல ஜாதிகளையும் ஒரே இரத்தத்தினால் உண்டாக்கினார் என்று பவுல் அத்தேனேயில் பிரசங்கித்தார். தேவனுடைய பிள்ளைகள் இரத்த வம்சத்தினால் பிறப்பதில்லை என்று யோவான் எழுதினார். சபிக்கப்பட்ட வம்சம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் விசுவாசிக்க முடியாது. நம்முடைய பிரதான ஆசாரியர் பிறருடைய இரத்தத்தை எடுத்தவரல்லர், தம்முடையதைக் கொடுத்தவர்.

ஆகவே உங்களை வேண்டிக்கொள்ளுகிறேன். இப்படிப்பட்ட செய்தி உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, இதைக் கண்டவன் யார், எங்கே எழுதப்பட்டிருக்கிறது, கடைசியில் யாரைப் பகைக்கச் சொல்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாதிருங்கள். அனுப்பியது நீங்கள் மதிக்கும் ஊழியராயிருந்தாலும், நானாகவே இருந்தாலும், அந்த அம்மையாரைப்போல் அருகே வந்து கேளுங்கள்.

அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவருக்குச் சொல்லவேண்டிய பதிலை உங்களுக்குச் சொல்லிவிட்டேன்: எந்தச் சுவரிலும் இல்லை, அம்மா, எந்த ஏட்டிலும் இல்லை. அந்தத் தம்பி இன்னும் முழுவதும் ஏற்றுக்கொள்ளவில்லை. வரும் சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஆதியாகமம் 41ஐச் சேர்ந்து வாசிக்கப்போகிறோம். எங்களுக்காக ஜெபியுங்கள்.

ஜெபம்: சத்தியபரரான பிதாவே, கேட்பவரைப் பிரமிக்கவைக்கும் ஆசையினால் உமது பெயரில் பொய் சொன்ன எங்கள் நாவை மன்னியும். நாங்கள் காணாததைக் கண்டதாகச் சொல்லாதபடி எங்கள் வாய்க்குக் காவல் வையும். எங்கள் சொல்லினால் பகைக்கப்பட்டவர்களை நீர் நினைத்தருளும். எங்கள் பிள்ளைகளின் இருதயத்தில் நாங்கள் விதைத்த களையை, கோதுமை சேதப்படாமல் நீரே பிடுங்கும். எங்களுக்காகத் தம் இரத்தத்தைச் சிந்திய இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.